எதிர்காற்றுக்கு எந்த டிரைவர்?

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டிஸ்க் கால்ஃப் (தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து கூடையில் விழவைக்கும் விளையாட்டு) ஆடுகிறேன். வலக்கையால் பேக்ஹேண்ட் (புறங்கை முன்னால் வர வீசுவது) எறிந்தால் 250 அடி வரை போகும். எதிர்காற்றில் மட்டும் டிஸ்க் வலப்பக்கம் கவிழ்ந்துவிடுகிறது. வேகம் 13 உள்ள ஓவர்ஸ்டேபிள் டிரைவரை (தொலைவுக்கு எறியும் டிஸ்க்கை)க் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் தேவை என்பது சரி. வேகம் 13 என்பதுதான் தவறு. எதிர்காற்றில் டிஸ்க்கின் மீது மோதும் காற்றின் வேகம் கூடிவிடுவதால், வழக்கத்தைவிட வேகமாக எறியப்பட்டதுபோல அது வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுக்கு இடங்கொடுக்காமல் நேராகச் சென்று, வேகம் தணிந்ததும் இடப்பக்கம் திரும்பி இறங்குவதே ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கின் இயல்பு.

டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் முறையே வேகம், மிதப்பு, டர்ன் (வேகமாகப் பறக்கையில் வலப்பக்கம் சாய்வது), ஃபேட் (வேகம் தணிந்ததும் இடப்பக்கம் திரும்புவது) ஆகியவற்றைக் குறிக்கின்றன. டிஸ்கிராஃப்ட் நியூக் ஓஎஸ் 13, 4, 0, 4. இன்னோவா ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. கடைசி இரண்டு எண்களும் ஒன்றேதான். ஆயினும் 13 என்ற எண்ணுக்குரிய வேகத்தை 250 அடி எறியும் கை கொடுக்காது. அகன்ற விளிம்புள்ள அந்த டிஸ்க் பாதி வழியிலேயே இடப்பக்கம் இறங்கிவிடும். ஆகவே 170 முதல் 175 கிராம் வரை எடையுள்ள ஃபயர்பேர்டையோ, டைனமிக் டிஸ்க்ஸ் ஃபெலனையோ வாங்குங்கள். ஃபயர்பேர்ட் என்றால் சாம்பியன் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் எடுங்கள். மலிவான டிஎக்ஸ் பிளாஸ்டிக் மரங்களில் மோதித் தேய்ந்து, எந்தக் குணத்துக்காக வாங்கினீர்களோ அதையே விரைவில் இழந்துவிடும்.

இந்த எண்களை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். அவை தயாரிப்பாளரே தம் பொருளுக்குப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண்கள். இந்த விளையாட்டின் தொழில்முறைச் சங்கமான பிடிஜிஏ, விட்டம், எடை, விளிம்பின் அகலம், விறைப்பு போன்றவற்றைச் சோதித்து ஒப்புதல் தருகிறதே தவிர, டிஸ்க் எப்படிப் பறக்கிறது என்பதைச் சோதிப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் 3 இன்னொரு நிறுவனத்தின் 4-க்குச் சமமாக இருக்கலாம் என்ற நிலையில், புதிதாக ஆட வருபவர் எதை நம்பி வாங்குவது? இத்தனை ஆண்டுகளாகியும் இதற்குப் பொது அளவுகோல் ஒன்றை வகுக்காதது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. கடைக்குப் போனால் ஒரே பெயருள்ள இரண்டு டிஸ்க்குகளைச் சமமான மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். விளிம்பின் மூக்கு எதில் சற்று உயரமாக இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே கூடுதல் ஓவர்ஸ்டேபிளாக இருக்கும்.

இணையத்தில் மறுவிற்பனை செய்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. 'முதல் அச்சு', 'சாம்பியன் முத்திரை' என்று சொல்லிப் பல மடங்கு விலை கேட்பார்கள். சேகரிப்பாளருக்கு அது அந்த விலை பெறும். உங்கள் எதிர்காற்றுக்கு அந்த முத்திரை ஒன்றும் செய்யாது. பழைய டிஸ்க்கை 'இன்னும் நல்ல ஓவர்ஸ்டேபிள்' என்று விற்பவரிடம் விளிம்பின் நெருக்கமான படத்தைக் கேளுங்கள். சிராய்ப்பும் பள்ளமும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அதே பணத்தில், மேலே உள்ள முத்திரை அச்சு பிசகியதால் மலிவாக விற்கப்படும் புதிய டிஸ்க்கை வாங்கலாம். முத்திரை கோணலாக இருப்பதால் பறத்தல் மாறாது.

நீங்கள் ஃபோர்ஹேண்டும் (உள்ளங்கை முன்னால் வர வீசுவது) எறிபவர் என்றால் மட்டும் கணக்கு சற்று மாறும். ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பும்போது டிஸ்க் தள்ளாடிக்கொண்டே கிளம்புவது மிகச் சாதாரணம். வலக்கை ஃபோர்ஹேண்டில் டிஸ்க் எதிர்த்திசையில் சுழல்வதால் கவிழ்வது இடப்பக்கமாகவும் ஃபேட் வலப்பக்கமாகவும் இருக்கும். தள்ளாட்டத்தோடு கிளம்பும் டிஸ்க் கவிழவே பார்க்கும் என்பதால், காற்றே இல்லாத நாளிலும் ஃபோர்ஹேண்டுக்கு ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கை எடுப்பது சரியே. அதற்கும் வேகம் 9 போதும், 13 வேண்டியதில்லை.

வாங்கியதும் எதிர்காற்றுள்ள திறந்த வெளியில், டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கி எழாமல், முழுப் பலத்தில் அல்லாது முக்கால் பலத்தில் எறிந்து பாருங்கள். அப்போதும் வலப்பக்கம் கவிழ்ந்தால், இன்னும் வேகமான டிஸ்க்கைத் தேடிப் போகாமல், கைவிட்டுக் கிளம்பும் கணத்தில் டிஸ்க்கின் வெளிவிளிம்பு மேலே தூக்கியிருக்கிறதா என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று படம்பிடிக்கச் சொல்லுங்கள்.