விமான நிலையம் ஊருக்கு என்ன தருகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமான நிலையங்களின் பொருளாதாரம் பற்றி வந்த கேள்விகளில், பலர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நான்கு வரிகளே போதுமானதாக இருந்தன.

கேள்வி: ஒரு விமான நிலையம் இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை தருகிறது என்று அறிக்கைகள் சொல்கின்றன. அந்த எண்ணை நம்பலாமா?

வேலிக்குள் இருக்கும் வேலைகள் வரை நம்பலாம். உள்ளே நுழைய அடையாள அட்டை வேண்டும் என்பதால் தலைகளை எண்ணிவிட முடியும். பத்து லட்சம் பயணிகளுக்குச் சுமார் ஆயிரம் வேலை என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. ஆனால் அது எவ்வளவு ஆட்டம் காணும் என்று பாருங்கள். 2019இல் அட்லாண்டாவை 11 கோடிக்கும் அதிகமான பயணிகள் பயன்படுத்தினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் 63,000 பேர். அதே ஆண்டில் பிராங்பர்ட்டில் பயணிகள் ஏழு கோடி, வேலை பார்த்தவர்களோ சுமார் 80,000 பேர். பயணிக் கணக்கில் பார்த்தால் பிராங்பர்ட் இரு மடங்கு வேலை தருகிறது. விமானங்களைப் பழுதுபார்ப்பது, சரக்கைக் கையாள்வது, விமான நிறுவனத்தின் அலுவலகப் பணிகள் எனப் பலவும் அதே வளாகத்தில் நடப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே எத்தனை பேர் பறக்கிறார்கள் என்பதோடு, தரையில் என்னென்ன வேலை நடக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

வேலிக்கு வெளியே போனதும் கணக்கு வழுக்கத் தொடங்குகிறது. எரிபொருள், உணவு, உதிரி பாகங்கள் தரும் நிறுவனங்களின் வேலைகள் முதல் அடுக்கு. இவர்கள் எல்லோரும் தங்கள் சம்பளத்தைச் செலவழிப்பதால் கடைகளிலும் வீட்டு வாடகையிலும் பிறக்கும் வேலைகள் இரண்டாவது அடுக்கு. விமான வசதி இருப்பதால் ஊருக்கு வந்த சுற்றுலா, முதலீடு ஆகியவற்றின் வேலைகள் மூன்றாவது. இதில் மூன்றாவதுதான் மிகப் பெரியது. மிகைப்படுத்தப்படுவதும் அதுவே. அந்த ஓட்டல் விமான நிலையம் இல்லாவிட்டாலும் கட்டப்பட்டிருக்குமா, அந்தத் தொழிற்சாலை பக்கத்து மாவட்டத்திலிருந்து இடம் மாறி வந்ததா என்று பெரும்பாலான அறிக்கைகள் கேட்பதில்லை. அறிக்கைக்குப் பணம் கொடுப்பது யார் என்று பார்த்தால் ஏன் கேட்பதில்லை என்பதும் புரிந்துவிடும்.

வளரும் ஊருக்கு விமானம் வருகிறதா, விமானம் வந்ததால் ஊர் வளர்கிறதா என்ற சிக்கலைப் பிரித்துப் பார்க்க முயன்றவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் புரூக்னர். ஒரு நகரின் விமானப் பயணிகள் 10 சதவீதம் கூடினால், அங்கே சேவைத் துறை வேலைகள் சுமார் 1 சதவீதம் கூடுகின்றன என்று 2003இல் வெளியான அவருடைய ஆய்வு கண்டது. உற்பத்தித் துறையில் அப்படிப்பட்ட விளைவு தென்படவில்லை. ஆலோசகர், வழக்கறிஞர், மென்பொருள் விற்பவர் ஆகியோருக்கு வாடிக்கையாளரை நேரில் சந்தித்துவிட்டு அன்றே திரும்புவது முக்கியம். சிமென்ட் ஆலைக்கு அது ஒரு பொருட்டல்ல.

கேள்வி: உள்ளூர்க்காரர்களுக்கு உண்மையில் வேலை கிடைக்குமா? என்ன மாதிரி வேலை?

கிடைக்கும். ஆனால் விளம்பரப் படங்களில் சிரிக்கும் விமானியின் வேலை அல்ல. பாதுகாப்புச் சோதனை, பெட்டிகளை ஏற்றி இறக்குவது, துப்புரவு, தீயணைப்பு, உணவு தயாரிப்பு, கடைகள், வாகன ஓட்டம் ஆகியவைதாம் எண்ணிக்கையில் அதிகம். இவற்றில் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் போகிறது. ஒப்பந்தம் கைமாறும்போது அதே ஆள் அதே வேலையைக் குறைந்த சம்பளத்துக்குத் தொடர வேண்டிய நிலை பல நாடுகளில் உண்டு.

இன்னும் இரண்டு தடைகளைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, பின்னணிச் சரிபார்ப்பு. அது முடியக் காத்திருக்கும் வாரங்களில் வருமானம் இல்லாதவர், கிடைக்கிற வேறு வேலைக்குப் போய்விடுகிறார். இரண்டாவது, பஸ். காலை ஆறு மணிக்கு முதல் விமானம் என்றால் ஊழியர் மூன்றரை, நான்கு மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஓடாத ஊரில், சொந்த வண்டி இல்லாதவருக்கு அந்த வேலை இருந்தும் இல்லாததுதான். பயணிகளுக்கு ரயில் பாதை போடப் பல கோடி ஒதுக்குகிறவர்கள், அதிகாலை ஷிப்ட் ஊழியருக்கு இரண்டு பஸ் விட யோசிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

இதை முறையாகத் தீர்த்த ஓர் இடம் அமெரிக்காவின் லூயிவில். பார்சல் நிறுவனமான யூ.பி.எஸ். அங்கே தன் இரவு நேரச் சரக்கு மையத்தைப் பெரிதாக்க விரும்பியபோது, நள்ளிரவில் பெட்டி பிரிக்க ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. உள்ளூர்க் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து 1998இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். இரவு ஷிப்ட் வேலை பார்க்கும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் கட்டப்படும். உழைப்பு கடினம்தான், தூக்கமும் கெடும். ஆனாலும், உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்ற வெறும் வாக்குறுதியைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: சரக்கு விமானங்களால் என்ன பயன்? கப்பல்தானே மலிவு?

மலிவு கப்பல்தான். எடைக் கணக்கில் உலக வணிகத்தில் ஒரு சதவீதம்கூட விமானத்தில் போவதில்லை. மதிப்புக் கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு போகிறது. மின்னணுச் சில்லுகள், மருந்துகள், கொய்த மலர்கள், நின்றுபோன இயந்திரத்துக்கு அவசரமாகத் தேவைப்படும் உதிரி பாகம் ஆகியவை கப்பலுக்காகக் காத்திருக்க முடியாதவை. கென்யாவின் மலர்ப் பண்ணைகள் ஐரோப்பியச் சந்தையை நம்பி வளர்ந்தது நைரோபியிலிருந்து விமானங்கள் இருந்ததால்தான். இங்கே விமான நிலையம் தாங்கும் வேலைகள் வேலிக்கு வெகு தொலைவில், தோட்டத்தில் இருக்கின்றன.

விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. 2020இல் பயணிகள் விமானங்கள் நின்றதும் சரக்குக் கட்டணம் தாறுமாறாக ஏறியது அதனால்தான். உங்கள் பகுதி ஏற்றுமதியாளர்களுக்கு அகன்ற உடல் கொண்ட பெரிய விமானத்தில் ஒரு தினசரிச் சர்வதேசச் சேவையும், ஓடுபாதையை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கும் இருந்தால், புதிய பளிங்கு முனையத்தைவிட அவை அதிகம் உதவும்.

கேள்வி: கட்டினால் விமானங்கள் தாமாக வரும் என்கிறார்களே?

கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு அருகே 1975இல் திறந்த மிராபெல் நிலையத்துக்காக ஏராளமான விளைநிலம் கையகப்படுத்தப்பட்டது. நகரிலிருந்து தொலைவு அதிகம், திட்டமிட்ட அதிவேக ரயில் வரவில்லை, பழைய நிலையத்தையும் மூடவில்லை. விமானங்களின் பறக்கும் தூரம் கூடியதால் ஐரோப்பாவிலிருந்து வந்தவை அங்கே இறங்க வேண்டிய தேவையும் குறைந்தது. 2004இல் பயணிகள் சேவை நின்றது. ஸ்பெயினின் சியுதாத் ரியால் நிலையம் இன்னும் மோசம். சுமார் நூறு கோடி யூரோ செலவில் கட்டி, 2008இல் திறந்து, 2012இல் மூடப்பட்டது. 2015இல் ஏலத்துக்கு வந்தபோது வந்த ஒரே கேட்பு 10,000 யூரோ. அது ஏற்கப்படவில்லை.

அயர்லாந்தின் ஷானன் இதற்கு நேரெதிர். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கிய இடம் அது. 1947இல் உலகின் முதல் தீர்வையில்லாக் கடை அங்கேதான் திறந்தது. ஜெட் விமானங்கள் வந்தால் யாரும் இறங்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், 1959இல் நிலையத்தை ஒட்டி வரிச் சலுகையுடன் தொழில் மண்டலம் அமைத்தார்கள். விமானம் குறைந்தாலும் தொழிற்சாலைகள் நிலைத்து நின்றன. மிராபெல்லுக்கும் பின்னாளில் அப்படியொரு வாழ்வு கிடைத்தது. இன்று அங்கே ஏர்பஸ் ஏ220 விமானங்களின் பாகங்களை ஒன்றுசேர்த்து முழு விமானமாக்குகிறார்கள்.

கேள்வி: எங்கள் நிலையத்தில் ஒரே நிறுவனம்தான் முக்கால்வாசி விமானங்களை இயக்குகிறது. இது ஆபத்தா?

ஆபத்துதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நிலையம் ஒரு விமான நிறுவனத்தின் இணைப்பு மையமாக இருந்தது. அந்த நிறுவனத்தை 2001இல் வாங்கிய பெரிய நிறுவனம், 2003இல் அங்கிருந்து இயங்கிய விமானங்களைப் பாதியாக வெட்டியது. அதற்குள் சுமார் 2,000 வீடுகளை அகற்றி, நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்துப் புதிய ஓடுபாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2006இல் அது திறந்தபோது, நெரிசலே இல்லாத நிலையத்துக்கு நெரிசலைக் குறைக்கும் ஓடுபாதை கிடைத்தது. இணைப்பு மையத்தில் விமானம் மாறும் பயணி ஊருக்குள் கால் வைப்பதில்லை, அவரை அடுத்த ஊருக்கு மாற்றிவிடுவது நிறுவனத்துக்குச் சுலபம். உங்கள் ஊரிலேயே பயணத்தைத் தொடங்கி முடிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நிலைத்து நிற்கும் எண் அதுதான்.

கேள்வி: நாளுக்கு இரண்டு விமானம் வரும் சிறிய நிலையத்தை நடத்துவது வீண்செலவா?

லாபம் பார்த்தால் வீண்தான். விமானத்தின் அளவைப் பொறுத்தே தீயணைப்பு ஏற்பாடு முடிவாகிறது. இரண்டு வந்தாலும் இருபது வந்தாலும் வண்டியும் ஆளும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் நார்வேயின் வடகரைச் சிற்றூர்களுக்கு விமானம்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அங்கே அரசு மானியம் தருவதில் தவறில்லை. இரண்டு மணி நேரச் சாலைப் பயணத்தில் இன்னொரு பெரிய நிலையம் இருக்கும் ஊருக்கு இந்த வாதம் பொருந்தாது.

கேள்வி: நிலையம் வரப்போகும் இடத்துக்கு அருகில் வீட்டு மனை வாங்கலாமா?

ஓடுபாதையின் இரு முனைகளின் நேர்க்கோட்டில் வாங்காதீர்கள். கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும், இரைச்சலும் அதிகம். பக்கவாட்டில், நெடுஞ்சாலையை ஒட்டி, கிடங்குக்கோ வணிகக் கட்டடத்துக்கோ ஏற்ற இடம் என்றால் வேறு கதை. எதுவானாலும் உயரத் தடை வரைபடத்தையும் இரைச்சல் எல்லை வரைபடத்தையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.