பான்ஷி 350: ஒரு சிலிண்டரில் 120, இன்னொன்றில் 95 பிஎஸ்ஐ. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: பழைய யமஹா பான்ஷி குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஒன்றை விலை பேசியிருக்கிறேன். ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) ஒரிஜினல் என்கிறார்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்ததில் இடது சிலிண்டர் 120 பிஎஸ்ஐ, வலது 95. வாங்கலாமா? எஞ்சினைப் பிரிக்க வேண்டி வருமா?

பதில்:

பிரிப்பதைப் பற்றி யோசிக்கும் முன் அந்த 95-ஐ மறுபடி எடுங்கள். 25 பிஎஸ்ஐ வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம், கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் பான்ஷிக்கு செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும்தான். உதைக்கும் வேகமும் கேஜின் (அழுத்தமானியின்) தரமும் சேர்ந்தே 20, 30 பிஎஸ்ஐயைத் தின்றுவிடும்.

முதலில் கேஜ். பான்ஷியில் ஒரு சிலிண்டருக்கு 64 மிமீ போர் (உள்விட்டம்), 54 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). இரண்டும் சேர்ந்து 347 சிசி. (நம் ஊர் ராஜ்தூத் 350-க்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக். அது காற்றில் குளிர்வது, இது தண்ணீரில் குளிர்வது.) பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 20 சிசி சொச்சம், அவ்வளவுதான். இப்போது கேஜின் ஓஸைப் பாருங்கள். 6 மிமீ உள்விட்டமும் 30 செமீ நீளமும் உள்ள ஓஸுக்குள் 8 சிசிக்கு மேல் காற்று பிடிக்கும். காற்றைத் திரும்ப விடாத வால்வு பிளக் துளைக்குள் போகும் முனையிலேயே இருந்தால் கவலையில்லை. ஓஸ் ஒருமுறை நிரம்பிவிட்டால் காற்று அங்கேயே நிற்கும். வால்வு கேஜ் பக்கம் இருந்தால் ஓஸின் 8 சிசியும் எரியறையோடு சேர்ந்துவிடும். 20 சிசி 28 ஆனால் முள் எப்படி ஏறும்? கார் எஞ்சினுக்கு இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது, பான்ஷி போன்ற சின்ன டூ ஸ்ட்ரோக்கில் நல்ல எஞ்சினையே செத்த எஞ்சினாகக் காட்டும்.

அந்த முனை வால்வு பார்ப்பதற்கு டயர் வால்வு போலவே இருக்கும். கெட்டுப்போனால் டயர் வால்வைப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். டயர் வால்வின் ஸ்பிரிங் கடினம், அதைத் தள்ளித் திறக்கவே அழுத்தம் செலவாகி ரீடிங் குறையும். பான்ஷிக்கான பிளக் என்ஜிகே பிஆர்8இஎஸ்: 14 மிமீ மரை, 19 மிமீ நீளம். அடாப்டரும் அதே நீளம் இருக்க வேண்டும். குட்டையானால் காற்று நிற்கும் இடம் கூடும், நீளமானால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

இனி எடுக்கும் முறை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள், சோக் போட்டிருக்கக் கூடாது. மணலில் ஓட்டும் வகை வண்டி என்பதால் பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மணல் நிற்கும். பிளக்கைக் கழற்றும் முன் காற்றடித்து அதை வெளியேற்றுங்கள். உள்ளே விழும் நான்கு மணல் துகள் போதும், நல்ல போரில் கோடு போட.

இரண்டு பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற சிலிண்டரின் எதிர்ப்பு காலைத் தடுத்து, உதையின் வேகம் குறையும். கழற்றிய பிளக்குகளைக் கேப்பில் மாட்டி, இரண்டின் உடலும் எஞ்சின் உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே இருக்கட்டும், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். பான்ஷியில் இக்னிஷன் காயில் ஒன்றுதான், அதிலிருந்து இரண்டு வயர் போகிறது. ஸ்பார்க் ஒரு பிளக்கில் இறங்கி ஹெட் வழியாக மற்ற பிளக்குக்குப் போய்ச் சுற்றை முடிக்கிறது. அதனால் ஒரு பிளக்கை எர்த்தில் வைத்தால் போதாது. கில் சுவிட்சையும் ஆஃபில் வையுங்கள்.

கேஜைக் கையாலேயே முறுக்குங்கள், ஓ-ரிங் நன்றாக உட்கார்ந்தால் போதும். நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் பிடித்து, கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியபடி உதையுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு மூடியிருக்கும், உள்ளே வரும் காற்றே குறைவு, அமுக்க என்ன இருக்கிறது? இரண்டு கார்புரேட்டரின் ஸ்லைடும் ஒரே அளவு மேலே போகிறதா என்று ஏர் ஃபில்டர் பக்கமிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் ஒருபக்கம் தொய்ந்திருந்தால் அதுவே இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசத்தை உண்டாக்கும்.

முள் இனி ஏறாது என்று நிற்கும்வரை உதையுங்கள், பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து உதை. முள் ஏறும் விதத்தையும் கவனியுங்கள். பிஸ்டன் ரிங் நன்றாக இருந்தால் முதல் உதையிலேயே பாதிக்கு மேல் போய்விடும். தேய்ந்த ரிங்கில் கொஞ்சம் கொஞ்சமாக நொண்டி ஏறும். இடது, வலது, வலது, இடது என்ற வரிசையில் எடுங்கள். கால் களைத்ததால் வந்த குறைவா, சிலிண்டரால் வந்த குறைவா என்பது அதில் பிரிந்துவிடும்.

ஒரிஜினல் ஹெட்டோடு, கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில், நல்ல நிலையில் உள்ள பான்ஷி 115 முதல் 130 வரை காட்டும். 100-க்குக் கீழே போனால் ரிங்கோ போரோ வேலை கேட்கிறது. உயரமான ஊரில் இதைக் குறைத்துப் பார்க்க வேண்டும்: கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டில் 120 காட்டும் அதே எஞ்சின், 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் 100-ஐ ஒட்டித்தான் காட்டும். இரண்டு பக்கமும் 150-க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். ஹெட்டைச் செதுக்கியிருப்பார்கள், அல்லது டோம் (எரியறையின் குழிவு) மாற்றிய ஹெட் போட்டிருப்பார்கள், அல்லது விற்பதற்கு முன் பிளக் துளையில் ஆயில் ஊற்றியிருப்பார்கள். கழற்றிய பிளக் ஈரமாகப் பளபளத்தால் கடைசி சந்தேகம் வலுக்கிறது.

இரண்டு சிலிண்டருக்கும் இடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உங்களுடையது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. மேலே சொன்னபடி எடுத்தும் 95-தான் என்றால் அடுத்தது ஆயில் சோதனை. ஒரு ஸ்பூன் ஆயில் விடச் சொல்வார்கள். அது ஃபோர் ஸ்ட்ரோக் கார் கணக்கு. ஒரு ஸ்பூன் என்றால் 5 மில்லி. 20 சிசி இடத்தில் 5 மில்லி ஆயில் நின்றால் ரிங் உடைந்திருந்தாலும் ரீடிங் ஏறும். ஊசியில்லாத சிரிஞ்சில் 1 முதல் 2 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் போதும். இரண்டு சிலிண்டரிலும் ஒரே அளவு விடுங்கள், மெதுவாக இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு எடுங்கள். வலது பக்கம் மட்டும் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். இரண்டும் ஒரே மாதிரி கொஞ்சம் ஏறி, வித்தியாசம் அப்படியே நின்றால் ஹெட் கேஸ்கட், பிளக் மரை, பிஸ்டன் தலையில் ஓட்டை, இவற்றைச் சந்தேகியுங்கள். கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஓடவிடும்போது விடாமல் குமிழி வரும். மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் பெரிய வசதி, ஹெட்டைத் திறக்காமலே பிஸ்டனைப் பார்க்கலாம். வலது பக்க சைலன்சர் பைப்பைக் கழற்றி, டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் நீளவாக்கில் கோடுகளும் அலுமினியம் தேய்ந்து பரவிய சாம்பல் நிறப் பட்டையும் இருந்தால் ஏற்கெனவே ஜாம் ஆன பிஸ்டன். ரிங்கிற்குக் கீழே பழுப்புக் கறை இறங்கியிருந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி வருகிறது. ரிங் எக்ஸாஸ்ட் துளையில் தெரியும்போது மரக்குச்சியால் லேசாக அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். அசையவே இல்லை என்றால் கார்பன் பிடித்துக் காடியில் ஒட்டியிருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் ஒன்றை விட்டுவிடுவோம்: கம்ப்ரஷன் கேஜ் பிஸ்டனுக்கு மேலே உள்ளதை மட்டும்தான் சொல்லும். டூ ஸ்ட்ரோக்கில் பாதி வேலை கீழே, கிராங்க் கேஸில் நடக்கிறது. 120 காட்டும் உங்கள் இடது சிலிண்டரிலும் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம்) கசியலாம். இடது சீல், அதாவது ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்) பக்க சீல், கசிந்தால் வெறும் காற்று உள்ளே போய்க் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து, முழு வேகத்தில் போகும்போது பிஸ்டன் ஜாம் ஆகும். கிளட்ச் பக்க சீல் கசிந்தால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை விடாமல் வரும். இதற்குத் தனிச் சோதனை உண்டு. எக்ஸாஸ்ட் துளை இரண்டையும் விரியும் ரப்பர் அடைப்பான் வைத்து அடையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி இன்டேக் ரப்பர் ஒன்றை அடைத்து, மற்றதன் வழியாகக் கைப்பம்பில் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பிளக்குகள் இடத்தில் இருக்க வேண்டும். 6 நிமிடம் முள் இறங்காமல் நின்றால் தேறியது. 6-க்கு மேல் வெகுவாக ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்: ரீட் (இன்டேக் வழியில் உள்ள வால்வு) பகுதி கேஸ்கட், சிலிண்டர் அடி கேஸ்கட், ஸ்டேட்டர் மூடியைக் கழற்றி அதன் பின்னால் உள்ள சீல். கிளட்ச் பக்கத்துக்குக் கியர்பாக்ஸ் மூச்சுக்குழாயின் நுனியைத் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். குமிழி வந்தால் அந்த சீல்தான்.

வாங்குவதா என்ற கேள்விக்கு: வலது 95 உறுதியானால் இரண்டு சிலிண்டருக்கும் போர் அடித்து (உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கட் செட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பான்ஷியின் போர் வார்ப்பிரும்பு லைனர் என்பதால் போர் அடிக்கலாம். ஆனால் இப்போது எந்த சைஸ் பிஸ்டனில் இருக்கிறது என்று கேளுங்கள், கடைசி சைஸில் இருந்தால் லைனரே மாற்ற வேண்டி வரும். ஒரு பக்கம் மட்டும் சரிசெய்யாதீர்கள், இரண்டு சிலிண்டரும் ஒரே சைஸில்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஏன் கெட்டது என்பதற்கான காரணம், கார்புரேட்டரில் அடைத்த ஜெட்டோ (பெட்ரோல் வரும் சிறு துளை) கசியும் சீலோ, கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். வேலை முடிந்து எஞ்சின் பழகியதும் அதே கேஜில் இரண்டு ரீடிங்கையும் எடுத்து, தேதியோடு ஏர்பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான்.