'பாய்காட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? அது எப்படி வந்தது, எப்படிப் பயன்படுத்துவது?

எதிர்ப்பைக் காட்டுவதற்காக ஓர் ஆளுடனோ நிறுவனத்துடனோ நாட்டுடனோ பலர் சேர்ந்து கொடுக்கல் வாங்கலை நிறுத்திக்கொள்வது. பொருள் அவ்வளவுதான். சொல் பிறந்த கதைதான் சுவையானது.

அது ஓர் ஆளின் குடும்பப் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்ற ஆங்கிலேயர் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியக்காரராக இருந்தார். 1880-இல் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார்.

அந்த மாதம் என்னிஸ் நகரக் கூட்டத்தில் அரசியல் தலைவர் பார்னெல் ஒரு வழி சொல்லியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனை அடிக்காதீர்கள், சாலையிலும் கடையிலும் கண்டால் ஒதுங்கிப் போங்கள். மேயோ மக்கள் அதைக் காரியக்காரர் மீதே பிரயோகித்தார்கள். வேலையாட்கள் வேலையை விட்டு நின்றார்கள், கடைக்காரர்கள் சாமான் தரவில்லை, துணி வெளுக்கவும் ஆள் வரவில்லை. அறுவடைக்காக வடக்கிலிருந்து ஐம்பது பேர் இராணுவக் காவலோடு வந்தார்கள். சுமார் 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற ஏறத்தாழ 10,000 பவுண்டு செலவானதாக அன்றே கணக்கிட்டார்கள்! டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.

இந்த ஒதுக்கலைக் குறிக்க ஏற்கெனவே இருந்த 'ஆஸ்ட்ரசிசம்' என்ற கிரேக்கவழிச் சொல் குடியானவர்களின் வாயில் நுழையாது என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் தயங்கினாராம். உள்ளூர்ப் பாதிரியார் ஓ'மாலி, பாய்காட்டின் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கொடுத்தார். சில வாரங்களில் லண்டன் நாளிதழ்களில் அது புழங்கியது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்கும் போனது.

நம் ஊர்விலக்கத்தை இதற்கு இணையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஊர்விலக்கம் பெரும்பாலும் வலியவர் எளியவர் மீது விதித்தது; மேயோவில் நடந்தது நேர்மாறு. தமிழில் 'புறக்கணிப்பு' என்று சொன்னால் போதும்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. சோப்பு பிடிக்கவில்லை என்று வாங்காமல் விட்டால் அது பாய்காட் ஆகாது. அந்த நிறுவனத்தின் செயலைக் கண்டித்து வாங்க மறுத்தால் ஆகும். சட்டசபைக்குப் போய்விட்டு நடுவில் எழுந்து வருவது வெளிநடப்பு. கூட்டத்தொடருக்கே போக மறுப்பதுதான் பாய்காட். வினையாக எழுதும்போது செயப்படுபொருள் நேரடியாக வரும், நடுவில் 'ஆஃப்', 'டு' போன்ற முன்னிடைச்சொல் வேண்டாம். முதலெழுத்து இன்று சிறிய எழுத்துதான். கடைசியில் இரண்டு 'டி' போட மறக்காதீர்கள்; குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் அப்படியே தங்கிவிட்டது.