ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு சொல்லிக்கொடுக்கலாமா?

கேள்வி: நான் விருதுநகர்ப் பக்கம். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, ஊரில் ஆறு வருடம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். கணவர் வேலைக்காக பெங்களூரு ராமமூர்த்தி நகருக்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் 'மேத்ஸ் இன்டர்வென்ஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை கணக்கில் பின்தங்கிய 38 பிள்ளைகளின் பட்டியலைக் கையில் கொடுத்து, அரையாண்டுத் தேர்வுக்குள் மதிப்பெண் ஏற வேண்டும் என்கிறார் பிரின்சிபல். பாடப்புத்தகமும் இல்லை, சிலபஸும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? இதற்கு ஸ்பெஷல் எஜுகேஷன் படித்திருக்க வேண்டுமா? எனக்குக் கன்னடமும் தெரியாது.

பதில்: முதலில் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிகளில் 'ரெமடியல் கிளாஸ்' என்று எப்போதும் இருப்பதுதான், கொஞ்சம் ஒழுங்குபடுத்திய வடிவம். அமெரிக்கப் பள்ளிகளில் இதை மூன்று அடுக்காக வைத்திருக்கிறார்கள்: எல்லாருக்கும் வகுப்பறைப் பாடம், அதில் தடுக்கி விழுபவர்களுக்குச் சின்னக் குழுவில் கூடுதல் பாடம், அதிலும் நகராதவர்களுக்கு இன்னும் சின்னக் குழு, சில நேரம் ஒரே பிள்ளை. நீங்கள் இரண்டாவது, மூன்றாவது அடுக்கின் ஆள். தமிழ்நாட்டில் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே யோசனைதான், வகுப்பு எது என்று பார்க்காமல் பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்ப்பது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவே, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. ஆக, நீங்கள் செய்யப்போவது யாருக்கும் சலுகை கிடையாது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முதல் இரண்டு வாரம் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நிஜமாகவே சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து இருபது நிமிடம் பேசுங்கள். 38 பேருக்கு 760 நிமிடம், நாற்பது நிமிடப் பீரியடாகப் பார்த்தால் 19 பீரியட், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வு வைத்தால் எந்தக் கணக்கு தப்பு என்று தெரியும், ஏன் தப்பு என்று தெரியாது. ஒரு கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு 'எப்படிப் போட்டே, சொல்லு' என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு எடுத்தவருக்கு இந்த இடம்தான் கஷ்டம், கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போகும்.

என்ன தேட வேண்டும் என்பதற்குச் சில மாதிரிகள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளையை நீங்கள் நிச்சயம் பார்ப்பீர்கள். 'இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்தேன்' என்று சொல்லும். இது கவனக்குறைவு இல்லை, அந்தப் பிள்ளை தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அதையே பின்பற்றுகிறது. பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே இப்படிப்பட்ட கழித்தல் பிழைகளைப் பட்டியல் போட்டு, பிள்ளைகளின் தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்கள். அப்புறம் 612-ஐ 6-ஆல் வகுத்தால் 12. நடுவில் வர வேண்டிய பூஜ்ஜியத்தை விட்டுவிட்டது. அறுநூற்றுச் சொச்சம் ரூபாயை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய்தானா என்ற சந்தேகமே வரவில்லை பாருங்கள், அங்கே பழுது வகுத்தலில் இல்லை, எண்ணின் அளவு மனதில் இல்லை. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைக்குப் பின்னம் என்பது மேலே ஒரு எண், கீழே ஒரு எண். 8 + 4 = ? + 5 என்று கொடுத்துப் பாருங்கள், ஏழாம் வகுப்பிலும் 12 என்று எழுதுவார்கள். சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் சமம் என்று நினைக்கவில்லை. இதைச் சரிசெய்யாமல் இயற்கணிதத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரில் ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காட்சியைத்தான் ஆறு வருடம் பார்த்திருப்பீர்கள்.

பெங்களூரில் இன்னொன்றையும் கவனியுங்கள், இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. இங்கே ஒரு பிள்ளை வீட்டில் தமிழிலும் தெருவில் கன்னடத்திலும் பள்ளியில் இங்கிலீஷிலும் எண்ணுகிறது. நம் தமிழில் தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு இருக்கிறது, ஆனால் நூறு இல்லை. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, ஆனால் ஆயிரம் இல்லை. கன்னடத்தில் அதே எண்கள் தொம்பத்து, ஒம்பைநூறு, குழப்பமே இல்லை. இந்தி, உருது பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு 29 என்பது உன்தீஸ், முப்பதின் சாயல் உள்ள சொல். இங்கிலீஷில் தர்ட்டீன், தர்ட்டி காதில் ஒன்றுபோல விழும். அதனால் எண்ணைச் சொல்லி எழுதவைக்கும்போது எந்த மொழியில் சொன்னால் சரியாக எழுதுகிறது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். முந்நூற்று ஐந்து என்றால் 3005 என்று எழுதும் பிள்ளை, 300-ஐயும் 5-ஐயும் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறது, மொழியைக் கேட்டது, இடமதிப்பைக் கேட்கவில்லை. பின்னத்தில் மட்டும் நமக்கு ஒரு அதிர்ஷ்டம்: கால், முக்கால் இரண்டும் தமிழிலும் கன்னடத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. கால் கிலோ தக்காளி 250 கிராம் என்று கடைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான்கில் ஒன்று என்று ஆரம்பிக்காமல் கால் கிலோவில் ஆரம்பியுங்கள், அரைக்கும் காலுக்கும் எது பெரியது என்று அவர்கள் ஒருபோதும் தடுமாறுவதில்லை.

ஆனால் கடைக்கணக்கு தெரிந்தால் நோட்டுக் கணக்கும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன், அப்பாவின் மளிகைக் கடையில் மாலை நேரம் நிற்பவன், 173 ரூபாய் பில்லுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு நீட்டினால் மீதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணிக் கொடுப்பான். அதே கழித்தலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் உறைந்துபோவான். 2025-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது, கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது: வியாபாரத்தில் மனக்கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள் பள்ளிப் பாணிக் கணக்கில் திணறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் போடும் ஆள் தேவை. பத்து ரூபாய் விளையாட்டு நோட்டுகளையும் ஒரு ரூபாய்க் காசுகளையும் மேசையில் வைத்து, ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாற்றி, மாற்றிய அதே நிமிடத்தில் தாளில் அந்தப் பத்தை அடித்துவிட்டு எழுதுவது என்று மாற்றி மாற்றிச் செய்தால் 'கடன் வாங்குவது' என்ற மந்திரத்துக்கு அர்த்தம் வரும்.

பொருள், அப்புறம் படம், அப்புறம் எண் என்ற இந்த வரிசை புதிதல்ல, அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் சொன்னது. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம் இந்த வேலை செய்பவர்களுக்காகவே 2021-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படிப்படியான பாடம், சரியான கணிதச் சொற்கள், பொருளும் படமும், எண்கோடு, வாக்கியக் கணக்கு, நேரம் வைத்துச் செய்யும் சின்னப் பயிற்சி, இந்த ஆறைத்தான் அது வலியுறுத்துகிறது. இவற்றில் நம் பள்ளிகள் ரொம்பவும் அலட்சியப்படுத்துவது எண்கோடு. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு பூஜ்ஜியமும் நூறும் மட்டும் குறித்துவிட்டு 'அறுபத்தெட்டு எங்கே நிற்கும், போய் நில்லு' என்று சொல்லுங்கள், அந்த ஒரு விளையாட்டிலேயே பாதிப் பிள்ளைகளின் நிலைமை தெரிந்துவிடும். நேரம் வைத்த பயிற்சி என்றால் ஒன்றிரண்டு நிமிடம், ஏற்கெனவே புரிந்த வாய்ப்பாட்டுக்கு மட்டும், நேற்றைய தன் எண்ணிக்கையோடுதான் போட்டி. புளியங்கொட்டை, தீக்குச்சிக் கட்டு எல்லாம் ஐந்தாம் வகுப்புக்கு ஓடும்; ஏழாம் வகுப்புப் பையன் முன்னால் வைத்தால் 'என்னை எல்கேஜி ஆக்கிட்டாங்க' என்று அவமானப்படுவான், அவனுக்குப் பணம், கிரிக்கெட் ஸ்கோர், பஸ் நேரம்.

இப்போது பிரின்சிபல் விஷயம். ஏழாம் வகுப்புக்கு மூன்றாம் வகுப்புக் கழித்தலா என்று அவர் கேட்கத்தான் செய்வார். கிராமப்புறப் பிள்ளைகளை வைத்து எடுக்கும் அசர் கணக்கெடுப்பில், 2024-இல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45.8 சதவீதம்தான். உங்கள் பள்ளி நகரத்துத் தனியார் பள்ளிதான், ஆனாலும் இது உங்கள் 38 பேருடைய தனிக் குறையில்லை என்று காட்ட அந்த எண் போதும். பல வருடம் முன்னால் நான் இருந்த ஒரு பள்ளியில் இதே நெருக்கடிக்கு மசிந்து, தேர்வுக்கு வரும் பாடத்தின் கேள்வி மாதிரிகளைத் திரும்பத் திரும்பப் போடவைத்தேன். அரையாண்டில் மதிப்பெண் ஏறியது, எல்லாரும் பாராட்டினார்கள், முழுஆண்டில் அதே பிள்ளைகள் பழைய இடத்துக்கே போய் நின்றார்கள், பாராட்டியவர்களே காரணம் கேட்டார்கள். அதன் பிறகு ஒரு பங்கீடு வைத்திருக்கிறேன்: வாரம் நான்கு பீரியட் கிடைத்தால் மூன்று அடித்தளத்துக்கு, ஒன்று வகுப்பில் அந்த வாரம் ஓடும் பாடத்துக்கு. அந்த ஒன்றில் முழுப் பாடத்தையும் திரும்ப எடுக்காதீர்கள், நாளை வகுப்பில் வரப்போகும் இரண்டு சொல்லையும் ஒரு எளிய கணக்கையும் முன்கூட்டியே காட்டி அனுப்புங்கள். வகுப்பில் ஒரு முறையாவது கை தூக்கிப் பதில் சொன்னால் அந்தப் பிள்ளை உங்களிடம் விருப்பத்தோடு வரும்.

பிரின்சிபலிடம் மதிப்பெண் வாக்குறுதி கொடுக்காதீர்கள். 'ஜூனில் 38 பேரில் இத்தனை பேருக்கு மாற்றிக் கழிக்கத் தெரியவில்லை, ஆகஸ்டில் இத்தனை பேர்' என்று திறன் வாரியாக மாதம் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே தரத்தில் ஐந்து கணக்கு வைத்தால் அந்தத் தாள் தானாக நிரம்பும்.

சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டியவை சில இருக்கின்றன, வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு குழுவில் நான்கைந்து பேருக்கு மேல் கூடாது. குழுவை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் பிழை வாரியாகப் பிரிக்க விட வேண்டும். பிள்ளைகளை பிடி பீரியடிலிருந்தும் டிராயிங்கிலிருந்தும் இழுத்து வரக் கூடாது, அது தண்டனை மாதிரி ஆகிவிடும். எந்த டீச்சர் லீவ் போட்டாலும் உங்களைச் சப்ஸ்டிட்யூஷனுக்கு அனுப்பினால் இந்த வேலை இரண்டே மாதத்தில் காணாமல் போகும், நான் பார்த்தவரை இந்தப் பதவியை அதிகம் தின்பது இதுதான். வகுப்பு எடுக்கும் கணக்கு டீச்சரோடு வாரம் பத்து நிமிடமாவது உட்காருங்கள், அவருடைய குறையைக் கண்டுபிடிக்க வந்தவர் என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டால் நீங்கள் என்ன செய்தாலும் எடுபடாது.

ஸ்பெஷல் எஜுகேஷன்? ரெமடியல் கணக்கு எடுக்க உங்கள் பி.எட். போதும். ஆனால் 'ஸ்பெஷல் எஜுகேட்டர்' என்ற பெயரில் உங்களைப் பதிவேட்டில் காட்ட நினைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் வேண்டும். உங்கள் 38 பேரில் ஓரிருவர் மூன்று நான்கு மாதம் ஒழுங்காக உழைத்தும் நகராமல் இருக்கலாம்: ஐந்து பொருளைப் பார்த்தவுடன் ஐந்து என்று சொல்ல முடியாது, எது பெரிய எண் என்பதற்கே விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். அது டிஸ்கால்குலியாவாக, அதாவது எண்களைப் புரிந்துகொள்வதிலேயே உள்ள கற்றல் குறைபாடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்தப் பெயரைப் பெற்றோரிடம் நீங்கள் உச்சரிக்காதீர்கள். நீங்கள் பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், மதிப்பீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதால், சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற உதவிகள் கிடைக்கும். பெற்றோர் மாலையில் டியூஷன் எடுக்கச் சொல்லியும் வருவார்கள். பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுப்பதை அதே கல்வி உரிமைச் சட்டம், 28-வது பிரிவில், தடை செய்கிறது.

கன்னடம் கடைசிக் கவலையாக இருக்கட்டும். பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள். ஒந்து, எரடு, மூரு என்று நூறு வரை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் தப்பாகச் சொல்லும்போது அவர்கள் திருத்தட்டும். எனக்கு முதல் மாதம் முழுக்க அறுபதும் எழுபதும் வாயில் நுழையாமல் இருந்தது, அரவத்து, எப்பத்து. கணக்கில் எப்போதும் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்தான் தினமும் எனக்கு அதை டெஸ்ட் வைப்பாள்.