6000-ஆ, 7200-ஆ? சொந்தமாகக் கட்டும் கம்ப்யூட்டருக்கு எந்த மெமரி

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். முதன்முறையாக நானே ஒரு டெஸ்க்டாப் கட்டப்போகிறேன். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் வாங்கியாகிவிட்டது. மெமரியில்தான் குழப்பம். இரண்டு 16 ஜிபி ஸ்டிக் கொண்ட கிட்களாகக் கடையில் நான்கு காட்டினார்கள்: 5200 சிஎல்40, 6000 சிஎல்36, 6000 சிஎல்30, 7200 சிஎல்34. எடுக்கிறதுதான் எடுக்கிறாய், 7200 எடு என்கிறார் மச்சான். கடைக்காரரோ, இப்போதைக்கு ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக் போதும், அப்புறம் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். கோயில் காவடி வீடியோக்களை எடிட் செய்வேன். பையன் கேம் ஆடுவான், மெட்ரிக் படிப்புக்கும் இந்த மெஷின்தான். எதை வாங்கட்டும் அண்ணா?

பதில்: தம்பி, 6000 சிஎல்30 கிட்டை எடுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாகவே வாங்குங்கள். 7200-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு உங்கள் ப்ராசஸரிடம் வீணாகிவிடும். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறு மெஷின் கட்டும்போதும் இதே கணக்கு உங்களுக்குத் தேவைப்படும்.

முதலில் பெட்டியில் இருக்கும் இரண்டு எண்கள். 6000 என்பது மெமரி ஒரு செகண்டில் எத்தனை முறை டேட்டாவைக் கைமாற்றுகிறது என்பது, மில்லியன் கணக்கில். கடைகளில் இதை மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிவைப்பார்கள். உண்மையில் கடிகாரம் ஓடுவது 3000 மெகாஹெர்ட்ஸில்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை டேட்டா போவதால் 6000. சிபியு-இசட் போன்ற மென்பொருளில் பார்த்தால் 3000 என்று காட்டும். பாதி வேகம்தான் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

சிஎல் என்பது, டேட்டா கேட்டதும் முதல் பதில் வர மெமரி எத்தனை துடிப்புகள் எடுத்துக்கொள்கிறது என்பது. துடிப்பின் நீளம் கிட்டுக்குக் கிட் மாறும் என்பதால் வெறும் சிஎல் எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்துவிடுங்கள். காத்திருக்கும் நேரம் நானோசெகண்டில் கிடைக்கும். உங்கள் நான்கு கிட்டையும் போட்டுப் பார்த்தால், 5200 சிஎல்40-க்கு 15.4, 6000 சிஎல்36-க்கு 12, 6000 சிஎல்30-க்கு 10, 7200 சிஎல்34-க்கு 9.4. முதல் கிட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருப்பது பெரிய இடைவெளி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முந்தைய தலைமுறையான டிடிஆர்4-இன் 3200 சிஎல்16 மெமரியை இதே கணக்கில் போட்டாலும் அதே 10 நானோசெகண்ட்தான் வரும். இப்போதைய தலைமுறையான டிடிஆர்5 வந்து முதல் பதிலின் வேகம் கூடிவிடவில்லை. கூடியது ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு வரும் அளவு.

அந்த அளவிலாவது 7200 ஜெயிக்காதா என்று மச்சான் கேட்பார். காகிதத்தில் ஜெயிக்கும். 6000-இல் இரண்டு ஸ்டிக் சேர்ந்து செகண்டுக்கு 96 ஜிபி, 7200-இல் 115 ஜிபி. ஆனால் மெமரியை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் இருப்பது ப்ராசஸருக்கு உள்ளே, ஸ்டிக்கில் இல்லை. ரைசன் 7000 வரிசையில் அந்தக் கன்ட்ரோலர் 6000 வரை மெமரியின் கடிகாரத்தோடு சரிசமமாக ஓடும்: மெமரி 3000 மெகாஹெர்ட்ஸ், கன்ட்ரோலரும் 3000. நல்ல சிப் கையில் விழுந்தால் 6400 வரையும் இழுக்கலாம். அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். 7200 போட்டால் மெமரி 3600, கன்ட்ரோலர் வெறும் 1800. ஸ்டிக்கில் மிச்சம் பிடித்த அரை நானோசெகண்ட் அங்கேயே கரைந்துபோகும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. கன்ட்ரோலர் இருக்கும் சில்லுக்கும் கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இணைப்பு வழக்கமாக 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும். துடிப்புக்கு 32 பைட் படிக்கும். பெருக்கிப் பாருங்கள், செகண்டுக்கு 64 ஜிபி. உங்கள் 7600-இல் கோர் சில்லு ஒன்றே ஒன்று, அதனால் இணைப்பும் ஒன்றுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 சாலையை இன்னும் எத்தனை லேன் அகலப்படுத்தினாலும், மரியன்ஹில் டோல் கேட்டில் எத்தனை வண்டியை விடுகிறார்களோ அத்தனைதான் போகும், இல்லையா? 96-உம் 115-உம் அந்த 64-க்கு முன்னால் ஒன்றுதான். ரைசன் 7000 வெளிவந்தபோது 6000-தான் இதற்குப் பொருத்தமான இடம் என்று ஏஎம்டியே சொன்னது.

மச்சான் சொன்னது அடியோடு தவறு என்று நான் சொல்லமாட்டேன். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் நல்ல மதர்போர்டில் 7200-ஐத் தாங்கும், அதிலிருந்து கொஞ்சம் பலனும் எடுக்கும். கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு அதற்கென்று வந்த புதுவகை ஸ்டிக்கில் 6400 என்பது இன்டெலே கொடுத்திருக்கும் கணக்கு. அவர் இன்டெல் மெஷினை மனதில் வைத்துப் பேசியிருக்கலாம். இன்டெலிலும் எச்610 மதர்போர்டு வாங்கினால் ப்ராசஸருக்கு விதித்த வேகத்துக்கு மேல் ஏற்றவே விடாது. வேக கிட் வாங்கியும் பயனில்லை.

வேகம் நிஜமாகவே பெரிய வித்தியாசம் காட்டும் இடம் ஒன்று உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், 8600ஜி, 8700ஜி போன்ற ப்ராசஸரின் உள் கிராஃபிக்ஸிலேயே கேம் ஆடுகிறவர்கள். அவர்களுக்குக் கிராஃபிக்ஸ் மெமரியும் இந்த ஸ்டிக்தான்; வேகம் கூடினால் திரையில் தெரியும். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 7800எக்ஸ்3டி போன்றவை. ப்ராசஸருக்குள்ளேயே 96 எம்பி கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைக் கையருகே வைத்துக்கொள்ளும் இடம், இருப்பதால் மெமரியிடம் அடிக்கடி போகவே வேண்டாம். கொஞ்சம் மந்தமான கிட்டும் அதற்குப் போதும்.

நீங்கள் இரண்டுக்கும் நடுவில். 7600-இல் கேஷ் 32 எம்பி. உங்கள் பையன் ஆடும் பெரும்பாலான கேம்களில் 4060 கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும், மெமரி அல்ல. போட்டிக்காக ஆடும் ஷூட்டர்களில் படத்தின் தரத்தைக் குறைத்துவைத்து ஃப்ரேம் எண்ணிக்கையை ஏற்றும்போதுதான் வேலை ப்ராசஸர் தலையில் விழும். 5200 சிஎல்40-க்கும் 6000 சிஎல்30-க்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வெளிப்படும். அதனால் சிஎல்36-க்கும் சிஎல்30-க்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சிஎல்30. இடைவெளி அதிகமாக இருந்தால் சிஎல்36-ஐத் தாராளமாக எடுங்கள், ஒரு குறையும் இருக்காது.

இப்போது கடைக்காரரின் யோசனை. அவர் உங்கள் பையின் கனம் பார்த்துச் சொல்லியிருப்பார். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை வாரிக்கொண்டு போனதால் உலகம் முழுக்க விலை ஏறியது, டர்பனுக்கு மட்டும் விதிவிலக்கு கிடைக்குமா? இருந்தாலும் அந்த யோசனையை ஏற்கவேண்டாம். ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு சேனல்தான், அதாவது டேட்டா போய்வரும் பாதை ஒன்றுதான். செகண்டுக்கு 96 ஜிபி என்றது 48 ஆகி, அந்த 64-க்கும் கீழே போய்விடும். நான் மேலே சொன்ன சிஎல் கணக்கெல்லாம் இந்த இழப்புக்கு முன்னால் தூசு. ஆறு மாதம் கழித்து அதே பெயர், அதே எண் கொண்ட ஸ்டிக்கை வாங்கினாலும் உள்ளே வேறு கம்பெனியின் சிப் இருக்கலாம். இரண்டும் சேர்ந்து 6000-இல் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். கிட்டாக விற்பதன் பொருளே, அந்த இரண்டையும் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான்.

மதர்போர்டில் ஸ்லாட் நான்கு இருக்கிறதே என்றும் நினைக்காதீர்கள். 7600-க்கு ஏஎம்டி எழுதிக்கொடுத்திருக்கும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. பின்னால் 64 ஜிபி வேண்டும் என்று தோன்றினால் இப்போதே 32 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட கிட்டுக்குப் போவது மேல்.

எவ்வளவு வேண்டும் என்பதுதான் உங்கள் விஷயத்தில் வேகத்தைவிட முக்கியம். காவடி ஊர்வலத்தை 4கே-வில் எடுத்து, இரண்டு மூன்று கேமராக் காட்சிகளை அடுக்கிவைத்து வெட்டும்போது, எடிட்டிங் மென்பொருள், விண்டோஸ், பிரவுசர் எல்லாம் சேர்ந்து 16 ஜிபியை எளிதில் நிரப்பிவிடும். நிரம்பிய பிறகு கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கும்; டைம்லைன் அங்கங்கே நின்று நின்று போகும். அப்போது 6000-ஆ 5200-ஆ என்பதெல்லாம் கேள்வியே இல்லை. கையில் இருக்கும் காசுக்கு 6000-இல் 16 ஜிபி அல்லது 5200-இல் 32 ஜிபி என்று வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 5200-இல் 32 வாங்குங்கள்.

கடையில் கிட்டைக் கையில் வாங்கியதும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கிங்ஸ்டன் ஃப்யூரி என்றால் கேஎஃப்560சி30 என்று தொடங்கும். 5 என்பது டிடிஆர்5, 60 என்பது 6000, சி30 என்பது சிஎல்30. கடைசியில் கே2-32 என்றிருந்தால் இரண்டு ஸ்டிக் கிட், மொத்தம் 32 ஜிபி. கேஎஃப்552சி40 என்றிருந்தால் அது 5200 சிஎல்40. பெட்டியின் படமும் நிறமும் ஒன்றுபோலவே இருக்கலாம், எண்ணை மட்டும் நம்புங்கள். எக்ஸ்போ என்ற முத்திரை இருப்பது நல்லது. ஏஎம்டி மெஷினுக்கென்று வேகமும் வோல்டேஜும் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எக்ஸ்எம்பி என்பது இன்டெலுக்கானது. அதுவும் பெரும்பாலும் ஓடிவிடும். மதர்போர்டு கம்பெனியின் தளத்தில், சோதித்துப் பார்த்த மெமரிகளின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டால் நிம்மதி.

பொருத்தும்போது ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில் விழும். கிளிப் "டக்" என்று பூட்டும் வரை இரண்டு முனையையும் அழுத்துங்கள்.

முதன்முறை ஆன் செய்யும்போது திரை இருட்டாகவே சில நிமிடங்கள் இருக்கும். பயப்படாதீர்கள். புது மெமரியோடு எப்படிப் பேசுவது என்று கன்ட்ரோலர் பழகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்து மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்வது, அதற்கப்புறம்தான் அந்த பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை இயக்குவது. இந்த வரிசையை மாற்றவேண்டாம். 2023-இல் சில மதர்போர்டுகள் எக்ஸ்போவை இயக்கியதும் ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கொடுத்து, சில ரைசன் 7000 சிப்கள் கருகின. அதன்பின் அந்த வோல்டேஜை 1.3-க்கு மேல் போகவிடாமல் பயாஸிலேயே பூட்டு போட்டார்கள். உங்கள் போர்டு கடை அலமாரியில் எத்தனை நாள் இருந்ததோ, அதில் பழைய பயாஸ் இருந்தாலும் இருக்கலாம். அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்; லோட் ஷெட்டிங் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

எக்ஸ்போவை இயக்காவிட்டால் 6000 கிட் 4800 போன்ற குறைந்த வேகத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். இயக்கியபின் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் 6000 காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: எக்ஸ்போவையும் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்றே கணக்கில் வைக்கிறது, தன் வாரண்டி அதற்குப் பொருந்தாது என்று எழுதியும் வைத்திருக்கிறது. 6000-இல் அதற்காக அஞ்சத் தேவையில்லை என்பது என் கருத்து. இவ்வளவு பேர் ஓட்டும் வேகம் அது. 7200-க்கு அதே வார்த்தையைச் சொல்லமாட்டேன்.

பிறகு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. மெமரிப் பிழை எடிட் செய்த வீடியோவைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஸ்டிக்கிலிருந்து ப்ராசஸருக்கு வரும் வழியில் கெடுவதை அல்ல. பிழை வந்தால் எக்ஸ்போவை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போது சுத்தமாக ஓடினால், பெரும்பாலும் உங்கள் கன்ட்ரோலருக்கு அந்த வேகம் கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம். எக்ஸ்போவை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் 5800 அல்லது 5600-க்கு இறக்கிவிட்டால் போதும், பையனுக்கு வித்தியாசமே தெரியாது. எக்ஸ்போ இல்லாமலும் பிழை வந்தால் பெரும்பாலும் ஸ்டிக்கில்தான் கோளாறு. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, காசைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கடையுடையது அல்ல. ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆகவே பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருங்கள், மெம்டெஸ்டை அந்த முதல் வாரத்திலேயே ஓட்டிவிடுங்கள்.