பாம்பு தெரியவில்லை என்று சண்டைக்கு வராதீர்கள்: கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, உயிரியல் பூங்காவில் கண்ணாடிப் பெட்டியில் பாம்பை வைத்தால் போதாதா, எதற்குக் காடு மாதிரி செட்டுப் போட்ட காட்சிக்கூடம்?

பெட்டியில் பாம்பு தெரியும், அது இருக்கிற இடம் தெரியாது தம்பி. அமெரிக்காவில் சியாட்டில் நகர உட்லண்ட் பார்க் உயிரியல் பூங்காவில் 1970களின் கடைசியில் கொரில்லாவுக்குச் செய்தது இதுதான்: பார்க்க வருகிறவரும் அதே செடிகொடிக்கு நடுவில் நிற்க வேண்டும். மாஞ்சோலை மலையில் குழிவிரியன் ஓடைப்பக்கக் கொப்பில் அசையாமல் கிடக்கும், பக்கத்திலேயே நின்றாலும் கண்ணுக்குப் படாது. கூடத்திலும் அப்படியே இருக்கட்டும், தேடட்டும் சனம். உடும்பு என்றால் ஒரு தந்திரம் உண்டு: சூடேறும் பாறையைக் கண்ணாடியை ஒட்டி வைத்துவிட்டால் அதுவாகவே வந்து படுத்துக்கொள்ளும்.

பாளையங்கோட்டை: நம்ம ஊரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, தனி விளக்கு எதற்கு?

சாதாரணக் கண்ணாடி வழியாகச் சூடு வரும், வெயிலில் இருக்கிற புற ஊதா பி கதிர் வராது, விளக்கு அதற்குத்தான். அந்தக் கதிர் படாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, ஆமைக்கும் பகலில் திரியும் பல்லி இனங்களுக்கும் எலும்பு மெலிந்து வளையும். எலியை முழுசாக விழுங்குகிற பாம்பு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் பாளை வெயிலில் மூடிய கண்ணாடி அறை இட்லிச் சட்டிதான், அதனால் ஒரு மூலை சூடாக, எதிர்மூலை குளிர்ச்சியாக இருக்கணும், எங்கே இருப்பது என்பதை அதுவே முடிவு செய்யும்.

தென்காசி: குற்றால மலைத் தவளைக்குக் கூடம் வைக்கலாமா சார்?

வைக்கலாம், ஆனால் செலவு செயற்கைப் பாறையில் இல்லை, குளிரூட்டுவதில்தான். மலைத் தவளை நம் சமவெளிச் சூட்டைத் தாங்காது. தண்ணீரைத் தோல் வழியாகவே குடிக்கும் பிராணி, குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் போச்சு, கரி வடிகட்டி கட்டாயம். ஒரு தொட்டியில் போட்ட வலையை இன்னொன்றில் போடாதீர்கள், தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை அந்த வலையோடேயே போய்விடும். அப்புறம், இது முக்கால்வாசி இரவில் நடமாடுகிற ஜீவன்: விளக்கு நேரத்தை மாற்றிப் பகலில் நிலா வெளிச்சம், இரவில் பகல் வெளிச்சம் என்று வைத்தால் சனம் வரும் நேரத்தில் அது விழித்திருக்கும்.

களக்காடு: கண்ணாடியைத் தட்டுகிறார்களே?

போர்டு வைத்துப் பிரயோஜனமில்லை. கைக்கு எட்டாத தூரத்துக்கு முன்னால் செடி வரிசை போடுங்கள். பாம்புக்கு அதிர்வு நன்றாகவே தெரியும்.

வீரவநல்லூர்: வீட்டு மாடியில் சின்னதாக ஒன்று?

வேண்டாம் ஐயா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நட்சத்திர ஆமைக்கும் சேர்த்துத்தான்.