இந்த வாக்கியம் இங்கே எதற்கு? வாத அமைப்புக் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கா போன்ற நாடுகளில் சட்டம் படிக்க எல்சாட், மேலாண்மை படிக்க ஜிமேட், நம் நாட்டில் சட்டம் படிக்க கிளாட், சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வின் சிசாட் என்று ஆளுக்கொரு தேர்வுக்குப் படிக்கும் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை இவை. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலுள்ள வாதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்கும் வினாக்களில்தான் எல்லோருக்கும் தடுமாற்றம்.

அண்ணாச்சி, பத்தி நன்றாகப் புரிகிறது. ஆனால் முடிவு எது என்று கேட்டால் கடைசி வாக்கியத்தையே குறித்துவிடுகிறேன். பாதி தப்பாகிறது. (அம்பாசமுத்திரம், எல்சாட்)

தம்பி, முடிவு கடைசியில்தான் வரும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இதைப் பாருங்கள்: "பாபநாசம் அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஆகவே கார் நெல்லுக்கு முழுசாகத் தண்ணீர் கிடைக்காது. அதனால் இந்தத் தடவை உளுந்து போடுவதே நல்லது. போன தடவை உளுந்து போட்டவர்களுக்கு நல்ல விலையும் கிடைத்தது."

ஒவ்வொரு வாக்கியத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். 'எதை வைத்துச் சொல்கிறாய்?', 'சரி, அதனால் என்ன?' அணையில் தண்ணீர் இல்லை என்பதற்குப் பத்தியில் ஆதாரம் தரவில்லை. அது வெறும் தகவல். கார் நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்காது என்பதற்கு ஆதாரமும் உண்டு, அதை வைத்து இன்னொன்றும் சொல்கிறார்கள். அது இடைமுடிவு. 'ஆகவே' என்று ஆரம்பிப்பதால் அதையே குறித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். உளுந்து போடுவதே நல்லது என்பதை மற்ற எல்லாம் தாங்குகின்றன, அது எதையும் தாங்கவில்லை. அதுதான் முடிவு. கடைசி வாக்கியம் பின்னால் ஒட்டவைத்த இன்னொரு காரணம்.

மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் அளவையும், அதாவது தர்க்க முறையும், இப்படித்தான். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்று சொல்ல வந்ததை முதலிலேயே வைத்துவிட்டு, புகை இருப்பதால் என்ற ஏதுவும் (காரணமும்) அடுக்களை என்ற எடுத்துக்காட்டும் பின்னால் வருகின்றன.

ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தின் பங்கு என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு விடை சரி போலவே தெரிகிறதே? (நாங்குநேரி)

உங்கள் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வோம். "கூந்தன்குளத்துக்குப் பறவைகள் நிறைய வரும் வருஷங்களில் சுற்றுவட்டாரத்தில் விளைச்சலும் நன்றாக இருக்கிறது. இதனால் பறவைகளின் எச்சமே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் குளம் நிறைந்தால்தான் பறவைகளும் அதிகம் தங்கும். எனவே தண்ணீரே இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம்."

முதல் வாக்கியத்தின் பங்கு என்ன? 'ஆசிரியர் மறுக்கும் கருத்து' என்று ஒரு விடை இருக்கும். 'ஆசிரியர் வேறு விளக்கம் தரும் ஒரு நிகழ்வு' என்று இன்னொன்று இருக்கும். எதிர்த்தரப்பு அதை வைத்துப் பேசுவதால் முதல் விடை இழுக்கும். ஆனால் பறவையும் விளைச்சலும் சேர்ந்து வருவதை ஆசிரியர் மறுக்கவே இல்லை. அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் மறுக்கிறார். இரண்டாவதுதான் விடை. 'ஆனால்' வந்ததும் அதற்கு முன்னால் இருக்கும் எல்லாமே தள்ளுபடி என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று. அந்த ஊரில் கோடையில் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவது நிஜம்தான். அது தெரிந்தவருக்கு இந்தப் பத்தியோடு சண்டை போடத் தோன்றும். வாதத்தை எது பலவீனமாக்கும் என்று கேட்டால் அந்தத் தகவலுக்கு வேலை உண்டு. பங்கு என்ன என்று கேட்கும்போது ஒரு வேலையும் இல்லை.

சொல்லாமல் விட்ட அனுமானத்தை எப்படிப் பிடிப்பது அண்ணாச்சி? (மேலப்பாளையம், சிசாட்)

கொடுத்த கூற்றைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வாதம் விழுந்தால் அதுதான் அனுமானம். "சென்னையில் அதே பக்குவத்தில் கிண்டினாலும் நம்மூர் அல்வாவின் ருசி வரவில்லை. ஆகவே ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர்." 'அங்கே பயன்படுத்திய கோதுமையும் நெய்யும் தரத்தில் குறைந்தவை அல்ல' என்பது ஒரு கூற்று. குறைந்தவைதான் என்று மாற்றினால் வாதம் படுத்துவிடும். 'இப்படித் தண்ணீர் உலகில் வேறெங்கும் கிடையாது' என்பது இன்னொன்று. வேறெங்கோ இருந்துவிட்டுப் போகட்டும், வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. அல்வா விஷயத்தில் என் சொந்த அபிப்பிராயத்தை இங்கே கேட்காதீர்கள்.

ஒரே மாதிரி தர்க்கம் உள்ள பத்தியைத் தேடச் சொல்லும் வினா நேரத்தைத் தின்கிறது. (சேரன்மகாதேவி, எல்சாட்)

தின்னத்தான் செய்யும். 35 நிமிடப் பகுதியில் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வந்ததும் முடிவை மட்டும் ஒப்பிடுங்கள். மூலத்தில் 'இருக்கலாம்' என்றிருந்தால் 'கட்டாயம்' என்று முடியும் விடையை அடித்துவிடலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று அதிலேயே போய்விடும். மூலம் மருத்துவத்தைப் பற்றியது என்றால் மருத்துவம் பேசும் விடை பெரும்பாலும் தூண்டில்.

ஜிமேட்டிலும் அப்படித் தள்ளிவைக்கலாமா? (வள்ளியூர்)

முடியாது. விடை குறித்தால்தான் அடுத்தது வரும். இப்போதைய வடிவத்தில் வெர்பல் என்ற மொழித்திறன் பகுதிக்கு 23 வினா, 45 நிமிடம். நேரம் மிச்சமிருந்தால் கடைசியில் மூன்று விடைகளை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சந்தேகமானதை அடையாளம் வைத்துவிட்டு நகருங்கள்.

நான் தமிழ்வழியில் படித்தவள். பத்தியைச் சமாளித்துவிடுகிறேன், விடைகளின் மொழிதான் புகைமூட்டமாக இருக்கிறது. (பாளையங்கோட்டை, கிளாட்)

இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கும் அதே நிலைமைதான் தங்கச்சி. 'ஒரு பொதுவிதியை மறுக்க ஒரு விதிவிலக்கைக் காட்டுகிறார்' என்ற மாதிரி இருக்கும். எந்தப் பொதுவிதி? எந்த விதிவிலக்கு? பத்தியில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். ஒன்றுக்கு இடம் கிடைத்து மற்றதற்குக் கிடைக்கவில்லை என்றால் அந்த விடை பாதி சரி. பாதி சரி என்றால் தப்பு.

பழகுவதற்கு எந்தப் பேப்பரின் தலையங்கமும் போதும், தமிழ்ப் பேப்பராகவே இருக்கட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் தகவல், இடைமுடிவு, எதிர்த்தரப்பு, முடிவு என்று எழுதுங்கள். கட்டமைப்பு கண்ணுக்குப் பழகினபிறகு ஆங்கிலம் அவ்வளவு பயமுறுத்தாது.

தெரியாவிட்டால் குத்துமதிப்பாகக் குறிக்கலாமா? (களக்காடு)

எல்சாட்டில் தப்புக்கு மதிப்பெண் குறையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். கிளாட்டில் தப்புக்கு 0.25 போகும். சிசாட்டில் ஒரு வினாவுக்கு 2.5 மதிப்பெண், தப்பானால் அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். சிசாட்டில் நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையையாவது காரணத்தோடு அடிக்க முடிந்தால் குறியுங்கள். முடியாவிட்டால் அடுத்த வினாவுக்குப் போங்கள்.